ஆனைக்கல் வழக்கின் கடைசி வெள்ளி

— அதெல்லாம் வேணாம் மதினி. உள்ள வந்து ஒக்காரணும்னு நான் வரல. இப்பிடியே இஸ்தோப்புத் திண்ணையில நின்னு ஒரு கோரிக்கைய சொல்லிட்டுப் போயிருவேன்.

— கோரிக்கை கோரிக்கைன்னு வந்ததுலேருந்து சொல்றீங்க, என்னா கோரிக்கைன்னு சொல்லல. யூனியன் தலைவர் வேலைய விட்டும் அந்தப் பேச்சு ஒங்கள விடலியே நல்லையா தம்பி. தூத்தல்ல நனையாம மொதல்ல உள்ள வாங்க.

— அண்ணன் சாவுக்கே உள்ள வராதவன் நான். ரோட்டுலயே நின்னுட்டுப் போனவன். இப்ப வந்தா லயத்து வீடுகள்ல என்னா பேசுவாங்க?

— என்னத்தையாவது பேசிட்டுப் போறாங்க. ஒங்க அண்ணனுக்குக் குழி வெட்டுனது யாருன்னு எனக்குத் தெரியும்.

— யாரு சொன்னா?

— யாராவது சொல்லணுமா? அன்னைக்கு தல முழுகப் போனப்ப பீலித் தண்ணியில நீங்க மம்பட்டி கழுவிக்கிட்டு நின்னீங்க. மண்ணெல்லாம் போன பொறகும் கழுவிக்கிட்டே நின்னீங்க.

— அடியில ஒரு பெரிய கல்லு கெடந்துச்சு மதினி. மத்தவங்க போதும் விடுங்கன்னாங்க. அண்ணனுக்கு முதுகுல உறுத்துமேன்னு நான்தான் எறங்கி நெம்பி எடுத்தேன். அத தவிர நான் ஒன்னும் செய்யல.

— அழ வைக்காதீங்க தம்பி. வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும்.

— அம்மா, யார்கூட பேசிக்கிட்டு இருக்கீங்க? அட... சித்தப்பாவா?

— ஒன் சித்தப்பாதான் யசோ. அந்தப் பாய எடுத்துப் போடு. தேத்தண்ணிக்குத் தண்ணி வையி.

— வைக்கிறேன். ஆனா ஒன்னு கேக்கணும். நான் கல்யாணம் கட்டி பண்டாரவளைக்குப் போன அன்னைக்கு இந்த லயமே வாசல்ல நின்னுச்சு. எங்க சித்தப்பா மட்டும் வரல. அப்பா படுக்கையில கெடந்தப்பயும் வரல. இன்னைக்கு மட்டும் என்னா வந்துச்சு உங்களுக்கு?

— நீ கேக்குறது நாயந்தான் தாயி. நான் மறுக்கல. ஆனா நான் வந்தது வேற விசயமா. இன்னைக்கு வெள்ளிக்கிழம, வெளங்குதா?

— வெள்ளிக்கிழமன்னா?

— ஆறரை மணிக்கு "ஆனைக்கல் வழக்கு".

— கோர்ட்டு வழக்கா?

— இல்ல தாயி. டிவியில வர்ற துப்பறியும் நாடகம். வாரா வாரம் வெள்ளிக்கிழம போடுவான். நீ கல்யாணம் கட்டிப் போன பொறகு ஆரம்பிச்சது. ஒங்கப்பா ஒரு வாரம் விடாம பாத்தாரு. பத்து வருசத்துக்கு மேல ஓடிருச்சு. இன்னையோட முடிக்கிறான். இன்னைக்கு கடைசி.

— சரி, முடியட்டும். அதுக்கு?

— அதான்... கோரிக்கையே அதான். ஒரு மணிநேரத்துக்கு டிவிய போட்டு விட்டீங்கன்னா...

— அய்யோ அம்மா, கேட்டீங்களா இத? அப்பாவுக்குக் கருமாதிகூட இன்னும் கழியல. சாவு வீட்ல டிவி போடுவாங்களா? அங்க பாருங்க சித்தப்பா. டிவிய வெள்ளத் துணி போட்டு மூடி, அதுக்கு முன்னால அப்பா படத்த வச்சு வெளக்கு ஏத்தியிருக்கோம். கருமாதி வரைக்கும் அந்த வெளக்கு அணையக் கூடாது. அத நகட்டி வச்சுட்டு உங்களுக்கு நாடகம் போடணுமா?

— யசோ, மெல்லப் பேசு.

— எதுக்கும்மா மெல்லப் பேசணும்? முடியாம கெடந்த மனுசன எட்டிப் பாக்காதவரு நாடகம் பாக்க வந்திருக்காரு. இத நான் பண்டாரவளையில போயி சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.

— பாக்க இல்ல தாயி. கேக்க.

— கேக்கவா?

— ஒங்க வாசல் இந்தப் பக்கம், எங்க வாசல் அந்தப் பக்கம். ஆனா ரெண்டு காம்பராவும் முதுகோட முதுகு ஒட்டிக்கிட்டு நிக்குது. நடுவுல ஒத்தச் சுவரு. அதுவும் கூரத் தகரத்த எட்டாத சுவரு. இங்க மொளகா தாளிச்சா எனக்கு அங்க தும்மல் வரும். ஒங்கப்பா டிவி போட்டா ஒரு எழுத்து விடாம எனக்குக் கேக்கும். அப்பிடிக் கேட்டு வந்தவன்தான் நான், மொதல் வாரத்துலேருந்து. அந்த நாடகத்த ஒரு நாளும் கண்ணால பாத்ததில்ல.

— உங்க வீட்ல டிவி இல்லாத மாதிரி பேசுறீங்க. உங்க மகன் நிஷாந்த் கொழும்பிலருந்து பெருசா ஒன்னு வாங்கி அனுப்பியிருக்கானாமே?

— அனுப்புனான். அட்டப்பெட்டி பிரிக்காம கட்டிலுக்கு அடியில கெடக்கு.

— ஏன்?

— பழச இடி விழுந்து கருக்கிருச்சு. புதுச மாட்டுங்கப்பா மாட்டுங்கப்பான்னு பய போன்ல கத்துறான். நாளைக்கு மாட்டுறேன், நாளைக்கு மாட்டுறேன்னு நானும் சொல்லிக்கிட்டே வர்றேன்.

— பிள்ள ஏன்னு கேக்குறா தம்பி. ஒழுங்கா பதில் சொல்லுங்க.

— அதுல அண்ணன் இருக்க மாட்டாரே மதினி.

— என்னா சொல்றீங்க?

— நாடகம் அதுலயும் வரும். அண்ணன் சொல்றது வராதுல்ல? ஒங்களுக்கு ஒக்காந்து ஒன்னு விடாம சொல்லுவாரே, அத சொல்றேன். "ரெங்கம்மா, இந்தா பாரு, இன்ஸ்பெக்டர் வேலாயுதன் படியேறி வர்றான். கதவு லேசா தெறந்து கெடக்கு. உள்ள மேசமேல ஒரு கறுப்புக் கிளவுஸ் கெடக்கு பாத்தியா? ஒத்தக் கிளவுஸ்"ன்னு. ஆளுங்க பேசிக்கிட்டா அண்ணன் பேச மாட்டாரு. பேச்சு இல்லாம வெறும் மேளச் சத்தமா ஓடுதுல்ல, அப்ப அவரு வாய் நிக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கறவனுக்கு மேளத்த வச்சு என்னா வெளங்கும்? அண்ணன் ஒங்களுக்குச் சொல்லப் போயிதான் எனக்கும் படம் தெரிஞ்சுச்சு.

— அம்மா, நீங்களா? நீங்கதான் அந்த மாதிரி...

— நீ செத்த சும்மா இரு யசோ. தம்பி, எம்பேரச் சொல்லியா சொன்னாரு?

— பின்ன? கட்டுன பொண்டாட்டி பேரச் சொல்லாம ஊரான் பேரயா சொல்லுவாரு? வாய்க்கு வாய் "ரெங்கம்மா பாத்தியா, ரெங்கம்மா பாத்தியா"தான். நீங்க பதில் சொல்றது எனக்குக் கேட்டதில்ல. மெல்லமாப் பேசுறவங்கதானே நீங்க. ஒங்களுக்குக் கண்ணுல வெள்ள விழுந்து பதுளையில ஆப்பரேசன் பண்ணுனாங்கல்ல, பார்வ சரியா வரல போல, அதான் மனுசன் இவ்வளவு பாடுபடுறாருன்னு நெனச்சுக்குவேன். மறைக்காம சொல்றேன் மதினி, எனக்குப் பொறாமையா இருக்கும். எம்பொண்டாட்டி மாரியாயி இருந்த காலத்துல நான் அவளுக்கு அப்பிடி ஒரு வார்த்த ஒக்காந்து சொன்னதில்ல.

— இன்னும் சொல்லுங்க. வேற என்னா சொல்லுவாரு?

— ஒங்களுக்குத் தெரியாததா?

— தெரியுதோ தெரியலியோ. ஒங்க வாயால கேக்கணும்போல இருக்கு. சொல்லுங்க.

— என்னத்த சொல்ல... ஆங், எனக்கு சீனி கூடி ஆஸ்பத்திரியில கெடந்தேன்ல? ரெண்டு வெள்ளிக்கிழம போயிருச்சு. கத விட்டுப் போச்சேன்னு வீட்டுக்கு வந்து ஒக்காந்திருக்கேன். நாடகம் ஆரம்பிக்க முந்தி அண்ணன் பேசுறாரு. "ரெங்கம்மா, போன ரெண்டு வாரமும் என்னா நடந்துச்சு தெரியுமா"ன்னு ஆரம்பிச்சு, ஆதியோட அந்தமா முழுசும் சொல்றாரு. பாவம் மதினி அசதியில தூங்கியிருப்பாங்க, நம்ம நல்ல காலம்னு நெனச்சுக்கிட்டேன்.

— ம்... தூங்கியிருப்பேன்.

— இன்னொரு தடவ நான் மாட்டிக்கிட்டேன். அந்தக் கிளவுஸ்காரன் யாருன்னு அண்ணனுக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்கு. அண்ணன் "டாக்டர்தான் ரெங்கம்மா, டாக்டர்தான்"ம்பாரு. எனக்கு மொதல்லேருந்து ஸ்டேசன்ல எழுதுற ரைட்டர் மேலதான் சந்தேகம். ஒரு நா வாய் தவறி, "டாக்டர் இல்ல, ரைட்டரு"ன்னு சத்தமாவே சொல்லிட்டேன். அந்தப் பக்கம் டக்குனு பேச்சு நின்னுருச்சு. அடுத்த வாரம் அண்ணன் சொல்றாரு, "ரெங்கம்மா, சில பேரு ரைட்டரும்பாங்க. அவங்களுக்கு எப்பவும் அவசர புத்தி. பொறுத்துப் பாப்பம்"ன்னு. குத்திக் காட்டுறாராம்! நான் வாய பொத்திக்கிட்டு சிரிச்சேன்.

— சிரிச்சுட்டு?

— என்னா சிரிச்சுட்டு?

— சிரிச்சுட்டு சுவத்த ஒரு தட்டு தட்டியிருக்கலாம்ல தம்பி? அண்ணேன்னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல? சுவரு என்னா கருங்கல்லா?

— குடுக்கலாம். வாய் வரல.

— ஏன் சித்தப்பா? அப்பிடி என்னாதான் நடந்துச்சு? ஸ்ட்ரைக்ல சண்டன்னு மட்டும் எனக்குத் தெரியும். அப்பாகிட்ட கேட்டா எழும்பிப் போயிருவாரு.

— ஸ்ட்ரைக்தான் தாயி. நான் தலைவரு. தோட்டத்துல ஒருத்தரும் வேலைக்கு எறங்கக் கூடாதுன்னு தீர்மானம். மறுநா காலையில பாத்தா பெக்டரியில மெஷின் சத்தம் கேக்குது. ஒங்கப்பா போயிருக்காரு. முந்தின நா பறிச்ச கொழுந்து வாட்டத்துக்குப் பரப்பிக் கெடக்குதாம், அப்பிடியே விட்டா புளிச்சுப் போகுமாம், அத மட்டும் அரச்சு முடிச்சுட்டு வந்துருவாராம். இத யாருகிட்டயும் சொல்லல அவரு. சொல்லாம போனாரு. திரும்பி வர்றப்ப பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துல மொத்தத் தோட்டமும் நிக்குது. நான் மேசமேல ஏறி நிக்கிறேன். "புவனேந்திரன் ஒரு கருங்காலி"ன்னு சொல்லிட்டேன். அண்ணன்னுகூட சொல்லல. பேரச் சொன்னேன். சனம் கை தட்டுச்சு.

— அப்பா என்னா சொன்னாரு?

— தல குனிஞ்சுக்கிட்டு சனத்துக்கு நடுவால நடந்து போனாரு. வழி விட்டாங்க. பொறகு என்கூட அவரு பேசல, நானும் பேசல. மேடையில சொன்னத சந்துல நின்னு வாபஸ் வாங்க எனக்குத் தெரியல தாயி.

— ஒங்களுக்கு ஒன்னு சொல்றேன் தம்பி. அந்தக் கொழுந்து நானும் மாரியாயியும் மழையில நின்னு பறிச்சது. அன்னைக்கு வந்து அவரு என்கிட்ட சொன்னது அதுதான். "பொண்டுக நனஞ்சுக்கிட்டுப் பறிச்சத எப்பிடி புளிக்க விடுறது"ன்னு. கோவமே படல. பெக்டரியில சேந்த நாள்லேருந்து எதையும் பாதியில விட்டு வரத் தெரியாத மனுசன் அவரு.

— அது தெரியும் மதினி. மேசமேல நிக்கிறப்பயும் அது எனக்குத் தெரியும்.

— யசோ.

— என்னாம்மா?

— அப்பா படத்த எடு.

— அம்மா!

— படத்த நீ எடு. வெளக்க நான் எடுக்குறேன். அவரு ஒக்கார்ற அந்த மூலையில வைப்போம். அங்கருந்துதானே பாப்பாரு.

— என்னாம்மா பேசுறீங்க? கருமாதிக்கு முந்தி டிவி சத்தம் கேட்டா லயம் பூரா வந்து எட்டிப் பாக்கும். ரெங்கம்மா வீட்ல டிவி ஓடுதுன்னு தோட்டம் முழுக்க நாறிப் போகும். பண்டாரவளையில எம் மாமனாரு மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?

— நான்தானே இந்த வீட்டுக்காரி? கேட்டா எம்மேல பழி போடு. அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு சொல்லு. ஒங்கப்பா எதையும் பாதியில விட்டதில்லன்னு இப்பதான் சொன்னேன். இது ஒன்னுதான் பாதியில கெடக்கு. இதையும் முடிச்சு வைப்போம்.

— உங்களுக்கு இந்த நாடகமே...

— எடு யசோ. எனக்காக எடு. காத்து அடிக்குது, அந்தக் கதவ சாத்து. தம்பி, கைய குடுங்க, வெளக்குக்கு மறப்பா புடிங்க. திரி ஆடுது.

— புடிச்சிருக்கேன் மதினி. மெல்ல. மெல்ல வாங்க. இன்னும் கொஞ்சம்.

— அப்பாடி. அணையல.

— துணிய எடுக்கவா அம்மா?

— எடு. ரிமோட் சாமி படத்துக்குப் பின்னால இருக்கு.

— அப்ப நான் பொறப்படுறேன் மதினி. இப்பவே மணியாச்சு. சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போறதுக்கு நேரம் சரியா இருக்கும்.

— எங்க போறீங்க?

— எங்க காம்பராவுக்குத்தான். சுவத்தோரமா ஒக்காந்துக்கிறேன். சத்தம் மட்டும் வழக்கம்போல வைங்க. அப்பறம், முடிஞ்சா... அண்ணன் மாதிரி நீங்க கொஞ்சம் சொல்லுங்க. அவரு அளவுக்கு வேணாம்.

— அந்தப் பக்கம் போனா டிவிய அணச்சுருவேன்.

— என்னா மதினி இப்பிடி மெரட்டுறீங்க?

— பாக்குறதுன்னா இங்க ஒக்காந்து பாருங்க. அவரு மூலைக்குப் பக்கத்துல, அந்தப் பாயில. இல்லாட்டி ஒங்க கட்டிலுக்கு அடியில இருக்குறத பிரிச்சுக்குங்க.

— ஒக்காரலாம். ஆனா பாத்து என்னா புண்ணியம்? எனக்கு அந்த நாடகத்துல ஒரு மூஞ்சியும் தெரியாது. குரல் மட்டுந்தான் தெரியும். இன்னைக்கு விசேசமே மூஞ்சிதான், வெளங்குதா? இத்தன வருசமா ஆனைக்கல் ஊர்ல கொல பண்ணுன அந்தக் கிளவுஸ்காரன் மூஞ்சிய ஒரு தடவகூட காட்டல. கை மட்டும் வரும்பாரு அண்ணன். இன்னைக்கு மொத மொதல்ல முழுசா காட்டப் போறான். அவன் நம்ம டாக்டரா, ரைட்டரா, வேற எவனாவதா? மூஞ்சிய காட்டுனா எனக்கு எவன்னு தெரியாது. நீங்கதான் பேரச் சொல்லணும் மதினி. அதுக்குத்தான் ஒங்க தயவு வேணும்.

— காட்டட்டும், பாப்பம். ஒக்காருங்க.

— சித்தப்பா, தேத்தண்ணி. சீனி போடல.

— நல்லாரு தாயி. ஒங்க வீட்டுத் தேத்தண்ணி குடிச்சு எவ்வளவு காலமாச்சு.

— அம்மா, சத்தத்த கொறச்சு வைங்க. அந்தோனியம்மா மாமி வீட்ல செபமால சொல்ற நேரம்.

— அவங்க ஒன்னும் சொல்ல மாட்டாங்க. அவங்களுக்குப் பழக்கந்தான்.

— மேளம்! ஆரம்பிச்சுட்டான்! இந்த மேளம் கேட்டா எங்க இருந்தாலும் ஓடி வந்துருவேன். மாரியாயி செத்த வருசம்கூட இந்த மேளத்துக்குத்தான் நான் வீட்டுக்குள்ள வருவேன். மத்த நாள்ல அந்தக் காம்பராவுக்குள்ள நொழயவே பிடிக்காது.

— இவருதான் இன்ஸ்பெக்டரா சித்தப்பா?

— எவன்?

— இந்தா, யூனிபோர்ம் போட்டுக்கிட்டு, கொஞ்சம் தொப்பையா.

— இவனா வேலாயுதன்? சீ, இருக்காது. வேலாயுதன் வாட்டசாட்டமா இருப்பான். அண்ணன் "சிங்கம் மாதிரி வர்றான் பாரு"ம்பாரு... இரு, பேசுறான். அட, வேலாயுதன்தான்! குரல் அவனுதுதான். அண்ணே, இவனயா சிங்கம்னீங்க?

— சிரிக்க வைக்காதீங்க சித்தப்பா. வெளியில கேக்கும்.

— கண்ண மூடிக்கிட்டா எனக்கு நல்லா தெரியுது தாயி. தெறந்தா எல்லாரும் அந்நியமா இருக்காங்க. நான் மூடிக்கவா?

— மூடிக்குங்க. இப்ப என்னமோ பழசெல்லாம் காட்டுறான். மொதல்லேருந்து நடந்தத துண்டு துண்டா காட்டுறான்.

— கடைசி நாள்ல, அதான். எல்லாருக்கும் வழியனுப்பு. இந்தக் குரல் கான்ஸ்டபிள் ராசப்பனுது. பாலத்துல வச்சு செத்துப் போனான். அன்னைக்கு நாடகத்துல ஒரு பாட்டு போட்டான், அது முடியிற வரைக்கும் அண்ணன்கிட்டருந்து மூக்கு உறிஞ்சுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. இந்தப் பக்கம் நானும் அதத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தேன். இந்தப் பொம்பளக் குரல் ரைட்டரோட சம்சாரம், நல்லவ, பொய் சாட்சி சொல்ல மாட்டேன்னுட்டா. இது அந்த டீக்கடக்காரன். இது... இது மொத வாரம். குதுர வண்டி சத்தம். மொத வாரமே குதுர வண்டிதான். அன்னைக்கு எனக்கு அண்ணன் மேல கோவம் ஆறல, சுவத்த பாத்து மொறச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அப்பதான் அந்தப் பக்கமிருந்து, "ரெங்கம்மா, இங்க பாரு, குதுர வருது, வெள்ளக் குதுர"ன்னு சத்தம். எனக்கு சின்ன வயசு ஞாபகம் வந்துருச்சு. எனக்கு ஏழு, அண்ணனுக்கு எட்டு வயசு இருக்கும், தியேட்டர்ல எனக்கு முன்னால ஒரு ஆளு ஒக்காந்து மறச்சுக்கிட்டான். எனக்குப் படம் தெரியல. அண்ணன்தான் காதுக்குள்ள ஒன்னு ஒன்னா சொன்னாரு.

— அழாதீங்க சித்தப்பா.

— அழல தாயி. நாடகம்னா முடியத்தான் செய்யும், போய்த் தொலையட்டும். இனிமே வெள்ளிக்கிழம ஆறரைக்கு அந்தச் சுவத்துக்குப் பக்கத்துல நான் என்னத்துக்கு ஒக்கார்றது, அதான்.

— இங்க வந்து ஒக்காருங்க. சுவரு ஒன்னும் கேக்கப் போறதில்ல.

— சத்தம் போடாதீங்க மதினி, வேலாயுதன் பேசுறான். கதவத் தெற, நீ யாருன்னு எனக்குத் தெரியும்கிறான். அவனுக்குத் தெரிஞ்சுருச்சு! தெரிஞ்சுருச்சு அவனுக்கு! கண்ணத் தெறந்துக்கிறேன். எங்க, எங்க நிக்கிறான்?

— அந்த வெளிச்சத்துல, முதுகு காட்டிக்கிட்டு. கிளவுஸ கழட்டுறான் சித்தப்பா. ஒரு கை... ரெண்டாவது கை... திரும்புறான்.

— காட்டிட்டான்! மூஞ்சிய காட்டிட்டான்! யாரு மதினி இவன்?

— நரச்ச தல, கன்னத்துல மச்சம், கண்ணாடி போட்டிருக்கான். எனக்கு இவன யாருன்னே தெரியல. அம்மா, உங்களுக்குத் தெரியுதா?

— பேச மாட்டேங்கிறானே! ஒரு வார்த்த பேசுனா போதும், நானே கண்டுபிடிச்சுருவேன். வெறும் மேளத்தப் போட்டு அடிக்கிறான். அய்யய்யோ, வெளம்பரம் வந்துருச்சு. மதினி, பேரச் சொல்லுங்க. அண்ணன் சொன்னது சரியா, நான் சொன்னது சரியா? டாக்டரா, ரைட்டரா?

— எனக்கும் தெரியாது தம்பி.

— என்னா மதினி வெளையாடுறீங்க? இத்தன வருசம் அண்ணன்கூட ஒக்காந்து பாத்தவங்க நீங்க. ஒங்களுக்குத் தெரியாதா?

— எனக்கு வெட்டு குத்து, ரத்தம் ஒன்னும் ஆகாது. டிவியிலகூட ஆகாது. யசோகிட்ட கேளுங்க, அவளுக்குத் தெரியும். அந்த மேளம் ஆரம்பிச்சதும் சீலத் தலப்ப இழுத்துப் போத்திக்கிட்டு அந்தோனியம்மா வீட்டுக்குப் போயிருவேன். நாடகம் முடிஞ்சுதான் வருவேன்.

— எப்பயாவது அப்பிடிப் போவீங்களாக்கும்.

— எல்லா வெள்ளிக்கிழமையும் தம்பி.

— அப்ப... "ரெங்கம்மா பாத்தியா, ரெங்கம்மா பாத்தியா"ன்னு வாரா வாரம் தொண்ட கிழிய கேட்டாரே. அது யாருகிட்ட?

— அந்த நேரத்துல அவரத் தவிர இந்த வீட்ல ஒருத்தரும் இருந்ததில்ல தம்பி.